62 டன் டாங்கி... ஒன்றரைச் சாண் பிளாஸ்டிக்! - 'சேலஞ்சர் 2' மாடல் பெட்டிக்குள் இருக்கும் நிஜக் கதைகள்

டாங்கி பொம்மை என்றதும் பலருக்கும் கொலுப்படிக்குக் கீழே பார்க் செட்டில் நிற்குமே, அந்தப் பச்சை நிற பிளாஸ்டிக் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. 'ஸ்கேல் மாடல்' என்பது நிஜ வண்டியின் நீளம், அகலம், கதவு, கைப்பிடி, போல்ட் என எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. பெட்டியைத் திறந்தால் வண்டி இருக்காது. சட்டம் சட்டமாகக் கோத்த நூற்றுக்கணக்கான துண்டுகள்தான் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்கச் சிலருக்கு ஒரு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்.

உலகம் முழுக்க மாடல் செய்பவர்கள் மேசையில் அடிக்கடி பார்க்கக்கூடிய நவீன பிரிட்டிஷ் வண்டி, 'சேலஞ்சர் 2'. 1998-ல் பிரிட்டன் ராணுவத்தில் சேர்ந்த டாங்கி. உள்ளே நான்கு பேர் இருப்பார்கள். எடை 62.5 டன். கூடுதல் கவசம் மாட்டினால் 75 டன் வரை போகும். பீரங்கிக் குழாயோடு சேர்த்து நீளம் சுமார் 11.5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 2.5 மீட்டர்.

இதை 35-ஆல் வகுத்துப் பாருங்கள். நீளம் 33 சென்டிமீட்டர், அதாவது நம் ஸ்கூல் ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 7 சென்டிமீட்டர். உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும் வீரர் எழுந்து நின்றால் 5 சென்டிமீட்டர் இருப்பார். எடையையும் இதே கணக்கில் சுருக்கினால் சுமார் ஒன்றரைக் கிலோ வரவேண்டும். ஆனால் பிளாஸ்டிக் மாடல் அதில் பாதிகூட வராது.

ஏன் 35?

50, 100 என்று முழு எண்ணாக வைக்காமல் அது என்ன 35? காரணம் கேட்டால் சிரிப்பு வரும். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் இருக்கும் தமியா நிறுவனம், ஜெர்மனியின் 'பாந்தர்' டாங்கியை மாடலாகக் கொண்டுவந்தது. அது மோட்டாரில் ஓடும் பொம்மை. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் உட்காரும் அளவுக்கு வண்டியின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் நிஜ வண்டியில் சுமார் 35-ல் ஒரு பங்கு வந்தது. நன்றாக விற்றதால் அடுத்தடுத்த வண்டிகளையும் அதே அளவில் செய்தார்கள். மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அந்தக் காலத்து பேட்டரியின் சைஸ்தான் இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் அளவுகோல்!

அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர் ஷுன்சாகு தமியா. மரக்கடையாகத் தொடங்கிய அப்பாவின் நிறுவனத்தை உலகப் பிராண்டாக மாற்றியவர். ஒரு போர்ஷே காரின் மாடல் சரியாக வரவேண்டும் என்பதற்காக நிஜக் காரையே வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர். 2025-ல் 90 வயதில் காலமானார்.

சேலஞ்சர் 2-வை தமியாவும் 1/35 அளவில் தருகிறது. பெட்டியின் மேல் 'டெசர்டைஸ்டு' என்று ஒரு வார்த்தை இருக்கும். பாலைவனத்துக்காக மாற்றப்பட்டது என்று அர்த்தம். விளம்பர வார்த்தை மாதிரித் தெரிந்தாலும் மொத்த வேலையும் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

எந்த வருஷத்து வண்டி?

மாடல் செய்வதில் எது கஷ்டம் என்று கேட்டால் ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது என்று நாம் நினைப்போம். அதெல்லாம் கைப்பழக்கம், இரண்டு மூன்று பெட்டிகளில் வந்துவிடும். அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இது எந்த ஊரில், எந்த வருஷத்தில் நின்ற டாங்கி?

ஏனென்றால் சேலஞ்சர் 2 என்ற ஒரே பெயரில் பல முகங்கள் உண்டு. பச்சையும் கறுப்புமாக ஐரோப்பியக் காடுகளுக்காகப் பெயின்ட் அடித்த ஆரம்பக்கால வண்டி ஒன்று. 2003-ல் ஈராக் போன மணல் நிற வண்டி ஒன்று. அதற்குப் பிறகு பக்கவாட்டில் தடித்தடியான கவசப் பெட்டிகளும், பின்னால் கம்பிக் கிராதியும் மாட்டிக்கொண்ட 'டி.இ.எஸ்' வடிவம் ஒன்று. 2023-ல் உக்ரைன் போய்ச் சேர்ந்த வண்டி இன்னொன்று. 2003-ம் ஆண்டு வண்டிக்கு 2008-ம் ஆண்டு கவசத்தை மாட்டினால் கண்காட்சிக்கு வரும் ஆட்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கல்யாண ஆல்பத்தில் நகையை வைத்தே வருஷம் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி.

'டெசர்டைஸ்டு' பெட்டியில் வண்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் தொங்கவிட ரப்பர் திரை போன்ற பாகங்கள் உண்டு. ஒட்டும்போது 'ஏதோ மட்கார்டு' என்றுதான் தோன்றும். அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2001-ல் ஓமனில் 'சைஃப் சரீயா 2' என்ற பெரிய போர்ப் பயிற்சி நடந்தது. பிரிட்டன் தரப்பில் 20,000-க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். அங்கே டாங்கிகளுக்கு எதிரி, மண்! மாவு போன்ற தூசு இன்ஜினின் ஏர் ஃபில்டரை அடைத்துக்கொண்டே இருந்தது. உதிரி பாகங்களும் மளமளவென்று தீர்ந்தன. பாலைவனத்துக்கான மாற்றங்களைச் செய்யாமலே வண்டிகளை அனுப்பியிருந்தார்கள். மறு வருஷம் பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் அறிக்கையில் இதைப் போட்டு உடைத்தது. ஈராக் போர் நெருங்கியபோது அவசர அவசரமாக நல்ல ஃபில்டர்களும், தூசு மேலே கிளம்பாமல் இருக்கத் திரைகளும் மாட்டப்பட்டன. அந்தத் திரைதான் இப்போது உங்கள் ட்வீசரின் நுனியில் இருப்பது.

வெட்டு, தேய், ஒட்டு!

பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு 'ஸ்ப்ரூ' என்று பெயர். பாகத்தை கையால் முறுக்கிப் பிய்க்கக் கூடாது. நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, நைஸ் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். இதற்கான பசை, ஃபெவிகால் மாதிரி இடையில் நின்று பிடித்துக்கொள்வது இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து, ஒன்றோடு ஒன்று கலக்கவிட்டு ஆவியாகிப் போய்விடும். காய்ந்த பிறகு அது ஒட்டு அல்ல, ஒரே துண்டு. அதனால் பசை தொடும் முன்பு பாகம் சரியாக உட்காருகிறதா என்று ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது வழக்கம். 

பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையை, சில பெட்டிகளில் பெல்ட் போல ஒரே துண்டாகத் தருவார்கள். சிலவற்றில் கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டும். சேலஞ்சர் 2-வில் ஒரு வசதி, பட்டையின் மேல் பாதியைப் பக்கக் கவசம் மறைத்துவிடும். வெளியே தெரியாத இடத்துக்காக ஒரு வாரம் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 'உள்ளே இருப்பது எனக்குத் தெரியுமே' என்று அதையும் கோப்பவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

அடுத்து பீரங்கிக் குழாய். நிஜத்தில் இதன் வாய் 120 மில்லிமீட்டர். மாடலில் 3.4 மில்லிமீட்டர், ஒரு உளுந்து உள்ளே போகாது. இந்தக் குழாயின் உள்சுவரில் திருகு வரிகள் உண்டு. குண்டு சுழன்றபடி வெளியே வர அது உதவும். நேட்டோ நாடுகளின் மற்ற முக்கிய டாங்கிகள் எல்லாம் உள்சுவர் வழவழப்பான குழாய்க்கு மாறிய பிறகும், பிரிட்டன் மட்டும் வரியுள்ள குழாயை விடவில்லை. காரணம், 'ஹெஷ்' என்ற ஒரு வகைக் குண்டு. அது சுவரில் பட்டதும் சப்பாத்தி மாவு போல அப்பிக்கொண்டு, அதன் பிறகே வெடிக்கும். கட்டடங்களுக்கு எதிராக அது நன்றாக வேலை செய்யும் என்று பிரிட்டன் நம்பியது. இந்த 3.4 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் அந்தத் திருகு வரிகளும் தெரிய வேண்டும் என்று, உலோகத்தில் கடைந்த குழாயைத் தனியாக விலை கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே இருந்தும் மாடலில் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டீ! பிரிட்டிஷ் டாங்கிக்குள் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு மின்சாரப் பாத்திரம் உண்டு. 'பி.வி' என்று செல்லமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் வந்த 'செஞ்சூரியன்' டாங்கியின் காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. டீ போட ஆள் கீழே இறங்கினால் ஆபத்து, அதனால் கவசத்துக்குள்ளேயே டீக்கடை. பாக்கெட் உணவைச் சூடாக்கவும் அதே பாத்திரம்தான்.

ரகசியச் சுவர்

டாங்கியின் மேலே சுழலும் தலைப்பகுதிக்கு 'டரட்' என்று பெயர். சேலஞ்சர் 2-வின் டரட் முகப்பு, மாடலில் வெறும் பிளாஸ்டிக் தகடு. நிஜத்தில் அதற்குள் என்ன இருக்கிறது என்பது அரசாங்க ரகசியம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் சோபம் என்ற இடத்தில் உருவானதால் 'சோபம் கவசம்' என்ற பெயர் வந்தது. உலோகத்தோடு பீங்கான் போன்ற பொருள்களையும் அடுக்கிச் செய்வது என்ற அளவுக்குத்தான் வெளியே தெரியும். அதன் அடுத்த தலைமுறை, சேலஞ்சர் 2-வில் இருக்கும் 'டார்செஸ்டர்' கவசம். 

ரகசியம் என்றால் ஆசை வரத்தானே செய்யும்? 2021-ல் ஒரு கூத்து நடந்தது. 'வார் தண்டர்' என்ற வீடியோ கேமில் இருக்கும் சேலஞ்சர் 2-வின் டரட் அமைப்பு தப்பு என்று ஒரு விளையாட்டுக்காரருக்குக் கோபம். தான் அந்த டாங்கியில் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டு, நிரூபிக்க டாங்கியின் கையேட்டுப் பக்கங்களையே இணையத்தில் போட்டுவிட்டார். கேம் நிறுவனம் பிரிட்டன் பாதுகாப்புத் துறையிடம் கேட்டது. 'அது இன்னமும் ரகசிய ஆவணம்தான்' என்று பதில் வந்தது. நிறுவனம் பக்கங்களை நீக்கிவிட்டது, கேமில் இருந்த டரட்டையும் மாற்றவில்லை. 'அளவு சரியாக இருக்க வேண்டும்' என்ற வெறி எங்கே வரைக்கும் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பிளாஸ்டிக் மாடல்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குத் தேவை வெளித்தோற்றம் மட்டும்தான். அதற்கு அளவெடுக்கவும் போட்டோ எடுக்கவும் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. போக முடியாதவர்களுக்கு அதன் யூடியூப் சேனல். 

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேலஞ்சர் 2-வைத் தயாரித்தது விக்கர்ஸ் நிறுவனம். 1960-களில் இதே விக்கர்ஸின் வடிவமைப்பை வைத்துதான், சென்னை ஆவடியில் 'விஜயந்தா' டாங்கி தயாரானது. ஆவடி டேங்க் ஃபேக்டரி என்று பஸ் கண்டக்டர் கத்துவாரே, அதே இடம்.

மணலின் நிறம் என்ன?

ஒட்டி முடித்ததும் மாடல் அழுக்குப் பச்சையாகவோ, வெளிர் மஞ்சளாகவோ, பாகங்களின் பிளாஸ்டிக் நிறத்தில் நிற்கும். முதலில் பிரைமர் அடித்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்குவார்கள். சின்னக் குறைகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதன் மேல் ஏர்பிரஷ்ஷால் பெயின்ட். ஈராக் வண்டிகளின் நிறத்துக்கு பிரிட்டிஷ் தர அட்டவணையில் 'லைட் ஸ்டோன்' என்று பெயரும் 361 என்று எண்ணும் உண்டு. ஆனால் வெயிலில் வெளுத்த வண்டியின் நிறமும் அட்டவணையில் இருக்கும் நிறமும் ஒன்றாக இருக்குமா? இந்த ஒரு விஷயத்தில் மாடல்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள்.

டாங்கியின் மேல்பகுதியில் வீரர்கள் ஏறி நடக்கும்போது வழுக்கக் கூடாது என்று சொரசொரப்பான பூச்சு ஒன்று உண்டு. மாடலில் அதற்காக மணல் மணலான பெயின்ட்டைத் தட்டித் தட்டிப் பூசுவார்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பொம்மை, டாங்கியாக மாறத் தொடங்கும். பிறகு மெல்லிய பழுப்புக் கரைசலை இடுக்குகளில் ஓடவிட்டு, அதிகமானதைத் துடைத்தால் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். ஸ்பாஞ்சின் நுனியில் பெயின்ட் தொட்டு விளிம்புகளில் ஒற்றினால் தேய்ந்த மாதிரி இருக்கும். பவுடர் தூவினால் புழுதி.

இதில் ஒரு வேடிக்கை. பாஸ்ரா பக்கத்துப் புழுதியின் நிறமும் டாங்கியின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. அழுக்கு அடித்தாலும் தெரியாது! அதனால் நிறத்தை ஒரு நூல் மாற்றி மாற்றி அடித்துக் காட்ட வேண்டும். வீடியோக்களைப் பார்த்துவிட்டு வண்டியைத் துருப்பிடித்த பழைய இரும்புக் கடையாக மாற்றுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்வது. தினமும் பராமரிக்கப்படும் ராணுவ வண்டி, தூசு படியும். ஆனால் அப்படித் துருப்பிடிக்காது.

ஒரு சதுரம்... இரண்டு உயிர்கள்

கடைசிக் கட்டம், டீக்கால். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் மெல்லிய ஸ்டிக்கர். பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகே இதை ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளியாக மின்னும். ஒட்டி முடித்து மேலே மேட் வார்னிஷ் அடித்தால், ஸ்டிக்கர் என்றே தெரியாது.

வண்டி எண், படைப்பிரிவுச் சின்னம் என்று பல டீக்கால்கள். ராயல் டாங்க் ரெஜிமென்ட்டில் சில டாங்கிகளின் டரட்டில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். முதல் உலகப் போரில் மலாயாவைச் சேர்ந்த யூ டோங் சென் என்ற சீன வணிகர் ஒரு டாங்கிக்குப் பணம் கொடுத்தார். சீனப் படகுகளுக்கு வழி தெரிய முன்னால் கண் வரைவது வழக்கம் என்பதால் அந்த டாங்கிக்கும் வரைந்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கண்கள் மூடவில்லை.

2003 ஈராக் வண்டியில் இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் கூரை போல வரைந்த கறுப்புக் குறி. இரண்டாவது, டரட்டில் மாட்டும் சதுரத் தகடுகள். அது சும்மா தகடு இல்லை. இருட்டில் டாங்கிகள் ஒன்றையொன்று வெப்பக் கேமராவில் பார்க்கின்றன. சூடான வண்டியின் நடுவில் இந்தத் தகடு மட்டும் குளிர்ந்த சதுரமாகத் தெரியும். 'சுடாதே, நான் உன் ஆள்' என்று சொல்லும் தகடு. மாடலில் ஒரு நகத்தின் அளவு இருக்கும்.

2003 மார்ச் 25, நள்ளிரவு தாண்டிய நேரம். பாஸ்ராவுக்கு அருகே ஒரு சேலஞ்சர் 2 நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் இன்னொரு பிரிவைச் சேர்ந்த சேலஞ்சர் 2-வில் இருந்தவர்கள் வெப்பக் கேமராவில் சூடான புள்ளிகளைப் பார்த்தார்கள். எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். நாம் மேலே பார்த்த அதே ஹெஷ் குண்டு. இரண்டாவது குண்டு திறந்திருந்த மேல்கதவுப் பகுதியில் வெடித்தது. உள்ளே இருந்த வெடிபொருள்களும் வெடித்தன. இரண்டு வீரர்கள் இறந்தார்கள், இரண்டு பேர் படுகாயமடைந்தார்கள். எந்த எதிரியாலும் அழிக்க முடியாத டாங்கி என்று பெயர் வாங்கிய சேலஞ்சர் 2-வை முதலில் அழித்தது, இன்னொரு சேலஞ்சர் 2.

குடும்பங்கள் விடவில்லை. 'எங்கள் பிள்ளைகளின் வண்டியை நம் ஆள் என்று காட்டும் கருவிகள் இருந்தன. அவற்றைப் பொருத்தவில்லை, அடையாளம் காணப் போதுமான பயிற்சியும் தரவில்லை' என்று பாதுகாப்புத் துறை மீது வழக்குப் போட்டார்கள். போர்க்களத்தில் நடந்ததற்கு நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது அரசின் வாதம். பத்து வருஷம் கழித்து, 2013 ஜூனில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது: கேட்கலாம், வழக்கு விசாரணைக்குப் போகட்டும்.

அதே வழக்கில் இன்னொரு வண்டியும் இருந்தது, 'ஸ்னாட்ச்' லேண்ட் ரோவர். வட அயர்லாந்துத் தெருக்களுக்காகச் செய்த லேசான கவச ஜீப். ஈராக்கில் சாலையோரக் குண்டுகளுக்கு முன்னால் அது நிற்கவில்லை. வீரர்களே அதற்கு 'நடமாடும் சவப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் வந்த சில்காட் விசாரணை அறிக்கை, மாற்று வண்டி தருவதில் நடந்த தாமதத்தைக் கண்டித்தது. 2017-ல் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலன், மகனை இழந்த ஒரு தாயிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஸ்னாட்ச் வண்டிக்கும் மாடல் வந்திருக்கிறது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/48 அளவில் கொண்டுவந்தது.

பெட்டிக்குள் வரும் வழிகாட்டிப் புத்தகத்தில் இந்தக் கதையெல்லாம் இருக்காது. 'இந்தப் பாகத்தை இங்கே ஒட்டவும்' என்ற அம்புக்குறி மட்டும்தான். 

இதையெல்லாம் பொம்மையாகச் செய்யலாமா?

நியாயமான கேள்வி. 'ஆள் இறந்த வண்டியை ஷோகேஸில் வைத்து என்ன சந்தோஷம்?' என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். பதில் சொல்லும் உரிமை நம்மைவிட, அந்த வண்டியில் உட்கார்ந்தவர்களுக்கு அதிகம். பிரிட்டனில் 'மாடல்ஸ் ஃபார் ஹீரோஸ்' என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது. போரில் உடலிலோ மனதிலோ காயப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்கு மாடல் பெட்டியும் பசையும் பெயின்ட்டும் இலவசமாகத் தருகிறது. கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்கிற வேலை என்பதால் மனசு கொஞ்ச நேரம் அடங்கும், பக்கத்தில் உட்கார்ந்து செய்பவரோடு பேச்சும் வரும். தான் ஓட்டிய வண்டியையே, அதன் எண்ணோடு, கதவில் இருந்த நசுங்கலோடு செய்து பார்க்கும் முன்னாள் வீரர்கள் மாடல் கண்காட்சிகளில் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அந்த நசுங்கலின் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் தெரியும்.

அதற்காக, போரைக் கொண்டாடும் மாடல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கின்றன. ஆனால் எந்த வருஷத்து வண்டி, எந்தத் தகடு, அது ஏன் அங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கும் ஒருவர், கூடிய சீக்கிரம் அந்தப் பாஸ்ரா இரவில் போய்த்தான் நிற்பார்.

ஆசையாக இருக்கிறதா?

முதல் பெட்டியே சேலஞ்சர் 2 வேண்டாம். நம் ஊரில் இறக்குமதி விலையில் அது சில ஆயிரங்கள் ஆகும், பாதியில் விட்டால் மனசு கஷ்டப்படும். 1/72 அல்லது 1/76 அளவில் சின்ன வண்டி, முடிந்தால் பெயின்ட்டும் பசையும் சேர்ந்தே வரும் ஆரம்பநிலை செட் வாங்கலாம். நிப்பர், நகவெட்டும் அரம், உப்புத்தாள், ட்வீசர், பல்குச்சி போதும். ஏர்பிரஷ் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பசையின் வாடை தலையைச் சுற்றும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு மாஸ்க் கட்டாயம். கத்தி வேலையைச் சின்னக் குழந்தைகளிடம் விட வேண்டாம். பத்து வயசுக்கு மேல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவிடலாம். கீழே விழுந்த சின்னப் பாகத்தைத் தேடும்போது யாரையும் அறைக்குள் விடாதீர்கள். 

சேலஞ்சர் 2-வின் கதையும் இன்னும் முடியவில்லை. 2023-ல் பிரிட்டன் 14 வண்டிகளை உக்ரைனுக்குக் கொடுத்தது. அந்த செப்டம்பரில், ரோபோடைன் கிராமத்துக்கு அருகே ஒன்று எரிந்தது. எதிரியின் தாக்குதலில் ஒரு சேலஞ்சர் 2 அழிந்தது அதுதான் முதல் முறை. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பியதாக அப்போது தகவல் வந்தது. பிறகு வந்த போட்டோக்களில், ட்ரோன்களைத் தடுக்க டரட்டின் மேல் கம்பிக் கூண்டு கட்டிய வண்டிகளைப் பார்க்க முடிந்தது. மாடல்காரர்கள் இப்போது மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து அந்தக் கூண்டுக்கு முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

பிரிட்டனிடம் மிச்சமிருப்பதில் 148 வண்டிகளைப் பிரித்து, புது டரட்டும் வழவழப்பான குழாயும் போட்டு 'சேலஞ்சர் 3' ஆக மாற்றும் வேலை டெல்ஃபோர்டு நகரத்தில் நடக்கிறது. உலகின் பெரிய மாடல் கண்காட்சிகளில் ஒன்றான 'ஸ்கேல் மாடல்வேர்ல்ட்' ஒவ்வொரு நவம்பரிலும் நடப்பதும் அதே டெல்ஃபோர்டில்தான். ஊரின் ஒரு பக்கம் தொழிற்சாலைக்குள் 60 டன் வண்டி ஒன்று பாகம் பாகமாகக் கிடக்கும். இன்னொரு பக்கம் மேசைகளில் அதே வண்டி ஒன்றரைச் சாணில் நிற்கும். குனிந்து பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தச் சதுரத் தகடு சரியான இடத்தில் இருக்கிறதா என்றுதான்.